ஆலோசகரும் நானும் ஒரே வகுப்பறையில்

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், பாதாம் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சமுதாயக் கல்லூரியில் நான் கணிதம் கற்பிக்கிறேன். இங்கே இரண்டாண்டு படித்துவிட்டு, பட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதுதான் என் மாணவர்களில் பலருடைய திட்டம். அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் போலவே அவர்களும் என்னை ‘மிஸ்’ என்றுதான் அழைப்பார்கள்.

2017 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் கையெழுத்திட்ட ஏ.பி. 705 என்ற மாநிலச் சட்டம் எங்கள் வேலையையே மாற்றியது. அதற்கு முன்பு, சேரும்போதே ஒரு தேர்வு வைத்து, மதிப்பெண் குறைந்தவர்களை எண்கணிதத்தில் தொடங்கி இயற்கணிதம் வரை, பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பாடங்களைப் படிப்படியாகப் படிக்க வைப்போம். ஒவ்வொரு படியிலும் 100க்கு 70 பேர் தேறினாலும், நான்காவது படியைத் தாண்டும்போது மிஞ்சுவது 24 பேர்தான். தேறிய பிறகும் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்யாமல் நின்றுவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. புதிய சட்டமோ, உயர்நிலைப் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்களைப் பார்த்து, பல்கலைக்கழக நிலைக் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் ஓராண்டுக்குள் முடிக்கும் வாய்ப்பு எந்த வழியில் அதிகமோ அந்த வழியில் மாணவரைச் சேர்க்கச் சொன்னது. ஆகவே 2019ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில், பின்னத்தில் தடுமாறுகிறவரும் நேராக என் புள்ளியியல் வகுப்புக்கு வந்தார். கூடவே 2 யூனிட் துணை வகுப்பும் இருந்தது.

பின்தங்கும் மாணவரைப் பற்றி, பாடத் தேர்விலும் நிதியுதவியிலும் வழிகாட்டும் ஆலோசகர்களுக்குத் தெரிவிக்க எங்கள் கல்லூரியில் ஓர் இணையப் படிவம் உண்டு. ‘வருகை குறைவு’, ‘தயாரிப்பு போதாது’ என்ற கட்டங்களில் குறியிட்டு அனுப்பினால், வாரங்கள் கழித்து, ‘மின்னஞ்சல் அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி திரும்பி வரும். அந்த மின்னஞ்சலை மாணவர் திறந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆலோசகர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவர் தலையிலும் பல நூறு மாணவர்களின் பொறுப்பு இருந்தது.

அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்பே ஓர் ஆலோசகர் என் அறைக்கு வந்து, படிவத்துக்காகக் காத்திராமல் துணை வகுப்பில் வாரம் ஒரு நாள் தானே வந்து உட்காரலாமா என்று கேட்டார். ஹேவார்டில் உள்ள ஷபோ கல்லூரியில் 1981இல் தொடங்கிய புவெந்தே திட்டத்தைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவர்தான். ஃபீலிக்ஸ் கலாவிஸ் என்ற ஆலோசகரும் பட்ரீசியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியையும் சேர்ந்து உருவாக்கிய அத்திட்டத்தில், எழுத்துப் பயிற்சியும் ஆலோசனையும் சமூகத்திலிருந்து வரும் வழிகாட்டியின் துணையும் ஒன்றாகவே அமைந்திருந்தன. கலிஃபோர்னியச் சமுதாயக் கல்லூரிகளில் ஆலோசகர்களும் ஆசிரியர்களின் வரிசையிலேயே வருகிறார்கள்; அப்படியிருந்தும், அத்தனை ஆண்டுகளில் ஓர் ஆலோசகரும் நானும் ஒரே மாணவரின் தாளைச் சேர்ந்து பார்த்ததில்லை.

முதல் இரண்டு வாரமும் பலனில்லை. அவர் பத்து நிமிடம் பேசினார், மாணவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவருடைய அறைக்கு ஒருவரும் போகவில்லை. மூன்றாவது வாரத்தில், முதல் தேர்வின் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஓர் இளைஞரின் தாளில் கடைசி மூன்று கேள்விகள் வெறுமையாக இருந்தன. ‘தயாரிப்பு போதாது’ என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஆலோசகர் ஓரத்தில் பென்சிலால் நுணுக்கமாக எழுதியிருந்ததைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். திட்ட விலக்கம் காண 18.5இன் வர்க்கமூலம் வேண்டும். அந்தப் பையன் 4.2ஐ 4.2ஆல் பெருக்கி 17.64 என்றும், 4.3ஐ 4.3ஆல் பெருக்கி 18.49 என்றும், பிறகு 4.31ஐயும் விடாமல் பெருக்கிப் பார்த்திருந்தார். “கணக்கு இவருக்கு வருகிறது, கால்குலேட்டர்தான் இல்லை போலிருக்கிறதே” என்றார் ஆலோசகர். விடை எழுதும் இடத்தை மட்டும் பார்த்துத் திருத்தியிருந்த எனக்கு அந்த ஓரம் கண்ணில் படவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் அந்த மாணவரோடு தனியே பேசினார். 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கிறது. அலுவல் தேவை இருந்தால் கல்லூரிக்குள் தகவலைப் பகிர அது இடம் தருகிறது என்றாலும், ஆலோசகர் ஒவ்வொரு முறையும் மாணவரிடம் கேட்டு, அவர் சம்மதித்ததை மட்டுமே என்னிடம் சொன்னார். தொடக்கத்தில் இது எனக்குத் தடையாகத் தோன்றியது. ஆனால் அவர் அப்படி நடந்துகொண்டதால்தான் மற்ற மாணவர்களும் வாய் திறந்தார்கள். இந்த மாணவர் இரவு முழுவதும் பாதாம் பொதியும் கூடத்தில் வேலை செய்துவிட்டு நேராகக் காலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். அவருடைய நிதியுதவி, சரிபார்ப்புக்காகக் கேட்ட ஒரு தாள் வராததால் நின்றுபோயிருந்தது. நூலகத்தில் கால்குலேட்டர் இரவல் கிடைக்கும் என்று அவரிடம் எவரும் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆலோசகர் அந்தத் தாளைத் தேடிக் கொடுக்க உதவினார். வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவ 1969 முதல் மாநிலம் நடத்திவரும் ஈ.ஓ.பி.எஸ். திட்டத்தில் அவரைச் சேர்த்து, புத்தகத்துக்கான தொகையும் பெற்றுத் தந்தார். நான் என் பங்குக்கு, துணை வகுப்பின் முதல் அரைமணி நேரத்தை மாற்றியமைத்தேன்: அன்றைய புள்ளியியலுக்குத் தேவையான பின்னமோ சதவீதமோ அப்போதே நடக்கும், ஐந்தாவது வாரத்தில் அதே நேரத்தில் எல்லோரும் தங்கள் கல்வித் திட்டத்தை ஆலோசகருடன் உட்கார்ந்து எழுதினார்கள். கணக்குக்கு அஞ்சி வகுப்பை விட்டு விலக நினைத்தவர்கள், விலகினால் நிதியுதவி என்னவாகும் என்பதை விலகுவதற்கான கடைசி நாளுக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள்.

எல்லோரும் தேறிவிடவில்லை. தேறாதவர்களை ஆலோசகர் டிசம்பரிலேயே ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். அவர்களில் சிலர் வசந்தப் பருவத்தில் அதே வகுப்புக்குத் திரும்பி வந்தார்கள். அந்த இளைஞர் ‘சி’ தரம் வாங்கித் தேறினார். பருவத்தின் கடைசி நாளில் கால்குலேட்டரைத் திருப்பித் தர நூலகத்துக்குப் போகும் வழியில் என் அறைக்கு வந்து, அடுத்த பருவத்தில் பொருளாதாரப் பாடம் எடுக்கப்போவதாகவும், அதற்கும் இதையே வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டார். ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்தேன். இரவல் தேதியை அந்த வாரம்தான் நூலகத்தில் பேசி நீட்டித்ததாக அவர் சொன்னார்.