பபிள் எக்கோ: குமிழிகளின் வழியே நான் கண்ட ரத்த ஓட்டம்

இடது கை சில நிமிடங்கள் மரத்துப்போய், பேச்சும் குழறி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் சரியாகிவிட்டது. அதைத் தற்காலிகப் பக்கவாதம் என்று சொன்ன நரம்பியல் மருத்துவர், மூளை ஸ்கேனிலும் கழுத்துத் தமனிகளிலும் காரணம் எதுவும் தென்படாததால், பபிள் எக்கோ எடுத்துவரச் சொன்னார்; நுண்குமிழிகள் கலந்த உப்புநீரைச் சிரையில் செலுத்தி, அது இதயத்தில் போகும் பாதையை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் சோதனை அது. கால் சிரையில் உண்டாகும் ரத்தக்கட்டி சாதாரணமாக மூளையை எட்டாது. அது இதயத்தின் வலப்பக்கம் வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போய், அங்குள்ள தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கிவிடும். நுரையீரல் என்னும் அந்தச் சல்லடையைத் தவிர்த்து, வலப்பக்கத்திலிருந்து நேரே இடப்பக்கத்துக்குப் போகும் குறுக்குவழி ஏதேனும் என் இதயத்தில் இருக்கிறதா என்பதே அவருடைய கேள்வி.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இடக்கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மார்பில் ஈசிஜி ஒட்டுகள், வலது முழங்கை மடிப்பில் ஒரு ஊசி, விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் தடவிய கருவி. முதலில் எடுத்தது வழக்கமான எக்கோதான். திரையைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. ஏனெனில் அதன் இடப்பாதியில் தெரிவது இதயத்தின் வலப்பக்கம், மேலே தெரிபவை கீழறைகள். ரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் டாப்ளரை இயக்கியதும் சிவப்பும் நீலமும் பாய்ந்தன. அவை நல்ல ரத்தத்தையும் கெட்ட ரத்தத்தையும் குறிப்பவை அல்ல, கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு, விலகிப் போகும் ஓட்டம் நீலம், அவ்வளவுதான் என்று எக்கோ எடுத்தவர் பொறுமையாக விளக்கினார். இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பாக இருந்தது. இரண்டும் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே அளவு ரத்தத்தை, சுமார் 70 மில்லி லிட்டரை, வெளியேற்றினாலும், ஒன்று அருகிலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் குறைந்த அழுத்தத்தில் அனுப்புகிறது. மற்றொன்று உச்சந்தலை முதல் கால்விரல் வரை தள்ள வேண்டியிருக்கிறது.

பிறகு குமிழிச் சோதனை. மூவழித் திருகு ஒன்றில் இரண்டு சிரிஞ்சுகளைப் பொருத்தி, சலைனையும் மிகச் சிறிதளவு காற்றையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி வேகமாகத் தள்ளினார்கள். தெளிவாக இருந்த நீர் வெண்மையாகக் கலங்கியதும் சட்டென்று ஊசி வழியே செலுத்தினார்கள். சில நொடிகளில், அதுவரை கறுப்பாக இருந்த வலது மேலறை பளீரென்று வெளுத்தது. அடுத்த துடிப்பில் மூவிதழ் வால்வு திறக்க, அந்த வெண்மை வலது கீழறைக்குள் இறங்கி, அங்கிருந்து நுரையீரல் தமனிக்குள் போய்விட்டது. ஒரு சுவர் அளவே தள்ளியிருந்த இடது அறைகள் கறுப்பாகவே இருந்தன. ரத்தம் நுரையீரலுக்கு ஒரு சுற்று, உடலுக்கு ஒரு சுற்று என இதயத்தை இருமுறை கடக்கிறது என்று ஏட்டில் படித்த இரட்டைச் சுற்றோட்டம் என்பதன் முழுப்பொருளும் எனக்கு அந்தக் கறுப்பில்தான் விளங்கியது. குமிழிகள் நுரையீரல் தந்துகிகளில் வடிகட்டப்பட்டு, அவற்றின் காற்று மூச்சோடு வெளியேறிவிடுகிறது.

இதயத்தின் வலப்பக்க ரத்தம் நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்பக்கம் கசிகிறது என்று 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதைப் பல நூறு ஆண்டுகள் மருத்துவ உலகம் நம்பியிருந்தது. அத்தகைய துளைகள் இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகவே போகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ் எழுதினார். முழுச் சுற்றோட்டத்தை 1628இல் விளக்கிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வியாலும், தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளைக் காண இயலவில்லை. 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகிதான் நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலில் அவற்றைக் கண்டார். இத்தனை பேர் அறிவால் தேடிய பாதையை நான் படுத்தபடியே கண்ணால் பார்த்தேன் என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

அடுத்த முறை குமிழிகளைச் செலுத்தும்போது, "மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கி முக்குங்கள், நான் சொன்னதும் விடுங்கள்" என்றார் எக்கோ எடுத்தவர். மூச்சை விட்ட கணத்தில் சிரைகளில் தேங்கிய ரத்தம் வலது மேலறைக்குள் திரளாக வருவதால், அங்கு அழுத்தம் சற்று நேரம் இடப்பக்கத்தைவிடக் கூடுகிறது. வலப்பக்கம் வெளுத்த அடுத்த மூன்று துடிப்புகளுக்குள் இடது மேலறையில் சில வெண்புள்ளிகள் மின்னி, கீழறைக்குள் இறங்கின. நுரையீரலைச் சுற்றி வந்திருந்தால் அவை அவ்வளவு விரைவில் தோன்றியிருக்காது. மேலறைகளுக்கு இடையிலுள்ள வழி சிறிது திறக்கிறது என்று பொருள்.

அந்த வழி நோயால் வந்ததன்று. கருவில் நுரையீரல் மூச்சு விடுவதில்லை. நஞ்சுக்கொடி வழியே வரும் ஆக்ஸிஜன் மிகுந்த ரத்தம் இந்தக் கதவு வழியாகத்தான் இடப்பக்கம் சென்று மூளையையும் இதயத்தையும் அடைகிறது. குழந்தை முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் குழாய்கள் விரிந்து, அங்கிருந்து இடது மேலறைக்குத் திரும்பும் ரத்தம் பெருகி, அந்த அழுத்தமே கதவைச் சாத்துகிறது. பெரும்பாலோருக்குப் பிறகு அது ஒட்டிக்கொள்கிறது. வளர்ந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு ஒட்டாமலேயே இருக்கிறது. அவர்களில் மிகப் பலருக்கு அதனால் எந்தத் தொல்லையும் வருவதில்லை என்பதை மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

ரத்தக்கட்டி எங்கிருந்து வந்திருக்கலாம் என்று பார்க்கக் கால் சிரைகளுக்கும் டாப்ளர் எடுத்தார்கள். கருவியால் அழுத்தினால், கட்டி இல்லாத சிரை தட்டையாகி மறைகிறது; பக்கத்திலிருக்கும் தமனி வட்டமாகவே நின்று துடிக்கிறது. கெண்டைக்கால் தசையைப் பிடித்து அமுக்கியபோது சிரை ரத்தம் இதயத்தை நோக்கி வேகமாக ஏறியதும், விட்டபோது வால்வுகள் அது கீழே திரும்பாமல் தடுத்ததும் திரையில் தெளிவாகத் தெரிந்தன. கட்டி எதுவும் இல்லை. துளை சிறியது என்பதால் இப்போதைக்கு அதை அடைக்க வேண்டாம், ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஒட்டிச் சேராமல் தடுக்கும் மாத்திரையைத் தொடரலாம், நீண்ட பயணங்களில் இடையிடையே எழுந்து நடக்க வேண்டும் என்பதே மருத்துவரின் முடிவு.