லேமினேஷன் உரித்த கதை: ஷார்ஜாவுக்குப் போன சான்றிதழ்கள்

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் கழித்துத்தான் எங்களைக் கூப்பிட்டுக்கொள்ளும் அளவுக்குச் சம்பளம் உயர்ந்தது. "மேரேஜ் சர்ட்டிபிகேட், பாப்பாவோட பர்த் சர்ட்டிபிகேட் ரெண்டையும் அட்டஸ்டேஷன் பண்ணிடு. என் டிப்ளமோவையும் கம்பெனியில கேக்கிறாங்க. உன் டிகிரி, பி.எட். எல்லாம் சேர்த்தே பண்ணிட்டா இங்க ஸ்கூல்ல வேலை தேடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. ஒரு நிமிடம்கூட இருக்காது. அதை முடிக்க எனக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவும் முழுதாக முடியவில்லை.

அட்டஸ்டேஷன் என்றதும் எனக்குப் பச்சை மைதான் ஞாபகம் வந்தது. காலேஜில் சேரும்போது மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு எங்கள் தெரு ஹெட்மாஸ்டர் சார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால், அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பச்சை மையில் ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதே மாதிரி ஏதோ ஒன்று, கொஞ்சம் பெரிய ஆபீசரிடம் வாங்க வேண்டும்போல என்று நினைத்தேன். இது வேறு. இங்கே முத்திரை ஜெராக்ஸில் விழாது, அசலின் முதுகில் விழும்.

சான்றிதழ் கொடுத்தவர்கள் முதலில் "ஆமாம், இது நாங்கள் கொடுத்ததுதான்" என்று எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து மாநில அரசு முத்திரை போடும். மாநில அரசு அதிகாரியின் கையெழுத்தைப் பார்த்து மத்திய வெளியுறவு அமைச்சகம் போடும். அதைப் பார்த்துத் தில்லியில் உள்ள அமீரகத் தூதரகம் போடும், ஷார்ஜா ஐக்கிய அரபு அமீரகத்தில்தானே இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம், தன் தூதரகத்து முத்திரையைப் பார்த்துக் கடைசியாக ஒன்று போடும். எனக்குப் புரிவதற்கு நாள் பிடித்த விஷயம் என்னவென்றால், மேலே போகப் போக யாரும் சான்றிதழைப் படிப்பதில்லை. நான் கணக்கில் என்ன கிளாஸ் வாங்கினேன் என்று தில்லியில் எவருக்கும் கவலையில்லை. தனக்குக் கீழே இருக்கிற கையெழுத்து தன்னிடமுள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். அதனால் அடியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால், அது அத்தனை முத்திரையையும் சுமந்துகொண்டு ஜம்மென்று ஷார்ஜா வரை போய்விடும். மாட்டிக்கொள்வது அங்கே விசா கவுண்டரில்தான்.

என் சித்தி மகன் ஓமனில் உள்ள மஸ்கட்டுக்குப் போனபோது ஒரு ஸ்டிக்கரோடு வேலை முடிந்துவிட்டதாம். "நீ ஏன்க்கா தூதரகம் அது இதுன்னு அலையுற?" என்றான். அவன் சொன்னது அப்போஸ்டில். 1961-இல் ஹேக் நகரில் போட்ட ஒப்பந்தம் அது. அதில் சேர்ந்த நாடுகளுக்குள் தூதரகம் வரை போக வேண்டியதில்லை, நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் சதுர ஸ்டிக்கரே போதும். இந்தியா 2005-இல் இருந்து இருக்கிறது. ஓமன், பஹ்ரைன் எல்லாம் உள்ளே. சவுதிகூட 2022 கடைசியில் வந்துவிட்டது. நான் அலைந்த சமயத்தில் அமீரகம் அதில் இல்லை. ஆகவே எங்களுக்குச் சுற்றுவழிதான். கும்பகோணத்தில் ஒரு ஏஜென்ட், எந்த நாட்டுக்கு என்றுகூடக் கேட்காமல் "அப்போஸ்டில் பண்ணித் தர்றேன்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். பணம் கொடுத்திருந்தால் அழகான ஸ்டிக்கர் கிடைத்திருக்கும், விசா கிடைத்திருக்காது. நாட்டின் பெயரைக் கேட்காத ஏஜென்ட்டிடம் அசலைக் கொடுக்காதீர்கள்.

சரி, பீரோவைத் திறந்தேன். முதல் பிரச்சினை அங்கேயே ஆரம்பித்தது. என் டிகிரியை அப்பா பட்டமளிப்பு விழா முடிந்த அன்றே லேமினேட் செய்துவிட்டார். அதற்கு முன்னால் அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தாள். என் வீட்டுக்காரரின் டிப்ளமோவை என் மாமியாரும் லேமினேட் செய்து வைத்திருந்தார். நம் ஊரில் பத்திரமாக வைப்பது என்றால் பிளாஸ்டிக்கில் புதைப்பதுதான். பிளாஸ்டிக் மேல் முத்திரை மை நிற்காது, ஸ்டிக்கர் ஒட்டாது. லேமினேட் செய்ததை எந்த ஆபீசும் வாங்காது.

மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு பழைய ஸ்டூடியோ. "உரிச்சுடலாம்க்கா, ஆனா கேரண்டி கிடையாது" என்றார் கடைக்காரத் தம்பி. இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, தடவித் தடவிப் பசையை இளக்கினார். ஒரு மூலையில் பிளேடால் கிளப்பி, படுக்கைவாட்டில் இழுத்தார். மேல்நோக்கி இழுத்தால் எழுத்தும் கூடவே வந்துவிடுமாம். ஒரு விரற்கடை உரிப்பதும், மறுபடி சூடு காட்டுவதும், திரும்ப ஒரு விரற்கடையுமாக முக்கால் மணி நேரம் போனது. என் டிகிரி தடித்த தாள், தப்பித்துவிட்டது. மஞ்சளும் அப்படியே இருந்தது. டிப்ளமோவின் பின்பக்க மூலையில் மட்டும் வெங்காயத் தோல்போல ஒரு படலம் போய்விட்டது. எழுத்தில்லாத இடம் என்பதால் பிழைத்தோம். எழுத்து போயிருந்தால் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டு, அதற்குத் தனியாக ஒரு அலைச்சல்.

அடுத்தது இனிஷியல். தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற தலைவலி. என் டிகிரியில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, சர்நேம் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. இது வேறு பெயர் இல்லை, வேறு வடிவம்தான் என்பதால் சமாளிக்கலாம். அப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் இருப்பதால் என்னிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் என் நாத்தனாருக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல், ரேஷன் கார்டில் ஒன்று, பேங்கில் ஒன்று. அவளைப் போன்றவர்கள் முத்திரைக்குப் போகும் முன்பே எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

எனக்குச் சறுக்கியது பாப்பாவின் பெயரில். அதில் ஒரு ழ இருக்கிறது. தமிழுக்குச் சிறப்பு என்று நாங்களும் ஆசை ஆசையாக வைத்தோம். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்து பெயர் இல்லாமல்தான் பதிவானது. வழக்கமாக அப்படித்தான் நடக்கும், பெயரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கப் போன மாமா, ஆங்கிலத்தில் எல் போட்டுவிட்டு வந்துவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது நான் இசட் எச் போட்டேன். தமிழில் இரண்டும் ஒரே குழந்தை. ஆங்கிலத்தில் இரண்டு குழந்தைகள். அரபியில் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

பாஸ்போர்ட்டை மாற்றுவதைவிடப் பிறப்புப் பதிவைத் திருத்துவது எளிது என்றார்கள். பிறப்பைப் பதிந்த இடத்திலேயே மனு கொடுத்து, எங்கள் இருவரின் அடையாள ஆவணங்களையும் பாப்பாவின் பாஸ்போர்ட் நகலையும் வைத்தோம். மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை, கியூஆர் கோடு உள்ள புதிய சான்றிதழ் இசட் எச்சோடு வந்தது. மாமாவுக்கு மட்டும் வருத்தம். "எல் போட்டா என்னம்மா, பொண்ணு ஒண்ணுதானே" என்று இன்றைக்கும் சொல்வார்.

திருமணச் சான்றிதழ் என்று ஒன்று எங்களிடம் இல்லவே இல்லை. சுவாமிமலையில் கல்யாணம், கோயில் ரசீது இருக்கிறது, ஆல்பம் இருக்கிறது, பதிவு மட்டும் செய்யவில்லை. 2009-லேயே தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்துவிட்டது, 90 நாளுக்குள் பதிய வேண்டும். நாங்கள் ஆறு வருடம் தாமதம். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், ஆனால் கணவன் மனைவி இருவரும் நேரில் நிற்க வேண்டும். அவர் பொங்கலுக்கு 12 நாள் லீவில் வந்தபோது அதில் ஒரு நாள் அதற்கே போனது. கல்யாணப் பத்திரிகையைக் கேட்டார்கள். தேடிக் கொடுத்தேன். அதில் என் பெயருக்கு முன்னால் திருநிறைசெல்வி, பின்னால் பி.எஸ்சி., பி.எட்., எல்லாம் இருந்தது, இனிஷியல் மட்டும் இல்லை. நல்லவேளை, ஆதாரும் பாஸ்போர்ட்டும் பேசின. சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.

கல்விச் சான்றிதழ்களுக்கு உண்மைத்தன்மைச் சான்று வேண்டும், அதாவது "நாங்கள் கொடுத்ததுதான்" என்று கொடுத்தவர்களே எழுதித் தருவது. டிப்ளமோவுக்குக் கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். அவர் வெளிநாட்டில் இருப்பதால் எனக்கு ஒரு அதிகாரக் கடிதம், அவருடைய பாஸ்போர்ட் நகல், என் அடையாள அட்டை. என் டிகிரிக்குத் திருச்சியில் உள்ள பல்கலைக்கழகம். பணம் கட்டி, காத்திருந்து, சீல் வைத்த உறையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தஞ்சாவூர் வருவதற்குள், உள்ளே என்னதான் எழுதியிருக்கிறார்கள் பார்ப்போமே என்று உறையைக் கிழித்துவிட்டேன். இரண்டு வரிதான் இருந்தது. கிழித்த உறையை வாங்க மாட்டார்கள் என்பது சென்னைக்குப் போய், வரிசையில் நின்று, கவுண்டரை எட்டிய பிறகுதான் தெரிந்தது. "ஏம்மா, மேலயே சீல் போட்டிருக்குல்ல?" என்று அந்த அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பத் திருச்சி, திரும்பப் பணம், திரும்ப உறை. வீட்டில் யாருக்கும் இதை நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் தாமதம் என்று சொல்லி வைத்தேன்.

சென்னைக்கு இரண்டு தடவையும் உழவன் எக்ஸ்பிரஸ்தான். கும்பகோணத்தில் ராத்திரி ஏறினால் விடிகாலை எழும்பூர். அங்கிருந்து மின்சார ரயிலில் கோட்டை ஸ்டேஷன், இறங்கி நடந்தால் தலைமைச் செயலகம். கல்விச் சான்றிதழ்கள் உயர்கல்வித் துறைக்கு, திருமணம், பிறப்பு போன்ற தனிப்பட்ட ஆவணங்கள் வேறு பிரிவுக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு ஒரே வரிசையில் நின்றேன். ஜெராக்ஸ் செட் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பசைக்குச்சி, பேனா, தண்ணீர் பாட்டில், சில்லறை. இது ஒரு பரீட்சைக்குப் போகிற மாதிரிதான். பின்பக்கம் முத்திரை விழுந்த என் டிகிரியைத் திருப்பிக் கொடுத்த அலுவலர் மஞ்சளைப் பார்த்துவிட்டு, "அம்மா தடவினதா?" என்றார். ஆமாம் சார் என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியுறவு அமைச்சகக் கட்டம் நான் பயந்த அளவுக்கு இல்லை. அங்கே நாம் நேரடியாகக் கொடுக்க முடியாது, அவர்கள் அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான். பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. முன்பு எல்லாமே தில்லிக்குப் போகுமாம், 2019-இல் இருந்து சென்னையிலும் போடுகிறார்கள். சாதாரண முத்திரைக்கு அமைச்சகம் கட்டணம் வாங்குவதில்லை, அப்போஸ்டிலுக்கு 50 ரூபாய். நாம் கொடுப்பது இடையில் உள்ள நிறுவனத்தின் சேவைக் கட்டணம். ஆயிரக்கணக்கில் "அரசாங்க ஃபீஸ்" என்று யாராவது சொன்னால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். தூதரக முத்திரைக்குத்தான் உண்மையில் நல்ல செலவு, ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனித்தனியாக. அதை மட்டும் ஒரு ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்து, எந்தெந்த அசலை வாங்கிக்கொண்டார் என்று அவர் கைப்பட எழுதி வாங்கினேன். கொஞ்சம் முகம் சுளித்தார். அசல்கள் தில்லியில் இருந்த மூன்று வாரமும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

கூரியரில் திரும்பி வந்தபோது டிப்ளமோவின் பின்பக்கத்தில் வெற்றிடமே இல்லை. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர் மாதிரி ஆகிவிட்டது என்றார் மாமா. அவற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு மாமாவின் நண்பர் மகன் ஷார்ஜா போனான். அங்கே கடைசி முத்திரைக்கு ஒரு ஆவணத்துக்கு 150 திர்ஹாம். ஆன்லைனில் பணம் கட்டினால் ஆளே வந்து வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் நான்கு மாதம் ஓடியதன் கடைசிக் கட்டத்தை என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்தபடி முடித்தார். திருமணச் சான்றிதழையும் பாப்பாவுடையதையும் மட்டும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து அரபியில் வாங்கினார். என் பெயர் அரபியில் எப்படி இருக்கிறது என்று போட்டோ அனுப்பினார். எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை.

ஜூன் மாதம் விசா வந்தது. இப்போது இங்கே மூவரும் இருக்கிறோம். பாப்பாவுக்கு இன்னும் கே.ஜி.தான் என்பதால் டி.சி. விவகாரம் தப்பித்தது. பெரிய வகுப்புப் பிள்ளை என்றால் பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கும் கையெழுத்துகள் தேவைப்படும் என்று பக்கத்து பிளாட் மலையாளி அக்கா சொன்னார்.

முடியாதது என் பி.எட். பீரோவில் இருந்தது தற்காலிகச் சான்றிதழ். பட்டச் சான்றிதழை நான் வாங்கவே இல்லை. படிப்பு முடிந்த மாதமே கல்யாணம், பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை, அப்புறம் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. தற்காலிகத்தின் மேல் முத்திரை போட மாட்டார்கள். அதனால் வேலை தேடுவது தள்ளிப்போகிறது. அதிகாரக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன், என் தம்பிதான் வாங்கப் போகிறான். அடுத்த வாரம் உழவனில் ஏறுகிறான். உறையைப் பிரிக்காதே, வாங்கியதை லேமினேட் பண்ணாதே என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். "எல்லாம் தெரியும்க்கா" என்கிறான். மூன்றாவது தடவை அம்மாவிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.