‘பிளாக் அண்ட் டான் ஃபேன்டசி’: சுருதி சேர்ந்துவிட்டது

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டியூக் எலிங்டனின் குழு 1927 அக்டோபரில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிந்த ‘பிளாக் அண்ட் டான் ஃபேன்டசி’ அரக்குத் தட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையில், என்னை நெடுநாள் அலைக்கழித்த வேகச் சிக்கல் தீர்ந்துவிட்டது.

அக்காலத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழல்பவை என்று அழைக்கப்பட்டாலும் எல்லாமே அந்த வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. இரண்டு சுற்று மாறினால்கூடப் பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தொலைவில் பாதியளவு சுருதி நகர்ந்துவிடும். குழுவின் டிரம்பெட் கலைஞர் பபர் மைலியின் வாசிப்பை வைத்துச் சுருதி பார்க்க முடியாது. ரப்பர் மூடியை டிரம்பெட்டின் அகன்ற வாயில் வைத்தும் எடுத்தும் அவர் எழுப்பும் உறுமல் ஒரு சுரத்தில் நிற்பதே இல்லை. எலிங்டனின் பியானோ தனியாக ஒலிக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பி ஃபிளாட் சுரம் தனக்குரிய 466 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும்வரை வேகத்தை இம்மியிம்மியாக நகர்த்தினேன். முடிவில் வரும், இசையமைப்பாளர் ஷோபனின் சவ ஊர்வல இசையும் அதற்குரிய பி ஃபிளாட் மைனர் சுருதியில் பிசகாமல் இறங்கியபோது எனக்கு உண்டான பூரிப்பு சொல்லி மாளாது.

இந்த உறுமலுக்காக இத்தனை பாடுபட ஒரு காரணம் உண்டு. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமரும் விடுதிகளின் பெயரைத் தாங்கிய இந்த இசையைப் பதிந்த சில வாரங்களில், டிசம்பர் 4 அன்று, எலிங்டன் குழு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தது. சிறை சென்று மீண்ட கள்ளச்சாராயத் தாதா ஓனி மேடன் தன் பீரை விற்பதற்காக நடத்திய அந்த விடுதியில் மேடையேறியவர்கள் கறுப்பர்கள். வாடிக்கையாளராக அமர வெள்ளையருக்கே அனுமதி. காட்டுக் காட்சிகளை ஜோடித்த அங்கத்திய நடனங்களுக்கு மைலியின் பாணி வாகாகப் பொருந்தியதால், அதுவே குழுவின் அடையாளமாக விற்கப்பட்டது. நிலையான சம்பளமும் வானொலி ஒலிபரப்பும் எலிங்டனை வளர்த்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையை மேடனின் கணக்கில் எழுதுவோரை என்னால் ஏற்க முடியாது, ஏனெனில் அவர் குழுவை வேலைக்கு எடுத்தபோதே இந்த இசை முழுமையாக உருவாகியிருந்தது.

தட்டு வாங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பச் சம்மதிக்காத வியாபாரியிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அடுத்து நான் தேடுவது, உள்ளூர் அரசியல் தலைவர் டாம் பெண்டர்காஸ்டின் செல்வாக்கால் மதுவிலக்குக் காலத்திலும் விடுதிகள் விடிய விடியத் திறந்திருந்த கான்சஸ் சிட்டியின் பென்னி மோட்டன் ஜாஸ் குழு 1932-இல் பதிந்த தட்டுகளை.

அதற்கு முன் இந்த எலிங்டன் தட்டில், கீறல்களால் எழும் ‘டிக்’ ஓசைகளை அகற்றும் சொடுக்கொலி நீக்கம் பாக்கியிருக்கிறது. தானியங்கி மென்பொருள் மைலியின் உறுமலையும் கீறல் என்றெண்ணி மழித்துவிடுவதால், அவர் வாசிக்கும் இடங்களில் ஒவ்வொரு சொடுக்கையும் அலைவடிவத்தில் கண்டு கையாலேயே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.