டீசலை இறக்கி அவுட்போர்டு மாட்டியது

இங்கிலாந்தின் தென்கரையில் ஹாம்பிள் ஆற்றோரம் என் படகு நிற்கிறது. வயது முப்பதை நெருங்குகிறது, நீளம் ஏழரை மீட்டர். அடியில் ஆழமான ‘வி’ வடிவ ஃபைபர், விளிம்பைச் சுற்றிக் காற்றடைத்த ஹைப்பலான் (செயற்கை ரப்பர்) குழாய். இந்த வகைப் படகை இங்கே ‘ரிப்’ என்பார்கள். வாங்கியபோது தளத்தின் பின்பாதியில் ஒரு பெட்டி, அதற்குள் டர்போ டீசல், அதிலிருந்து பின்சுவரைத் துளைத்து வெளியே போகும் ஸ்டெர்ன்டிரைவ் கால் (எஞ்சினின் விசையைப் புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் பகுதி) என்று இருந்தது. அதையெல்லாம் கழற்றிவிட்டு 150 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது பின்சுவருக்கு வெளியே தொங்கும் எஞ்சின், மாட்டினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: எஞ்சின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். என் உழைப்பில் பெரும்பகுதி பின்சுவருக்கும், அதாவது டிரான்சத்துக்கும், எடையைச் சரிக்கட்டுவதற்கும்தான் போனது.

ஏன் மாற்றினேன்? டீசல் மோசமில்லை. மணிக்கணக்கில் அலுக்காமல் ஓடும், குறைவாகக் குடிக்கும். தொல்லையெல்லாம் காலில்தான். அலுமினியக் கால், எந்நேரமும் உப்புத்தண்ணீரில். எவ்வளவு தூக்கினாலும் முழுசாக வெளியே வராது. காலுக்குப் பதிலாகத் தாங்களே அரிபட்டுப் போகும் தியாக உலோகக் கட்டிகளை ஒழுங்காக மாற்றினாலும் அரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்துவிடும். காலுக்கும் படகுக்கும் நடுவே இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை, அதாவது பெல்லோஸ், கிழிந்தால் தண்ணீர் நேராக உள்ளே வரும். அதை மாற்ற வேண்டுமென்றால் படகைக் கரையேற்றி, காலைக் கழற்றி, பிறகு மீண்டும் சீரமைக்க வேண்டும். அவுட்போர்டில் இந்தக் கவலை இல்லை. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் முழுதாகத் தண்ணீருக்கு மேலே வந்துவிடும்.

ரிப் பிறந்ததே அவுட்போர்டோடுதான் என்பது எனக்குத் தெம்பு தந்த விஷயம். 1960களில் வேல்ஸின் அட்லாண்டிக் கல்லூரியில், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் ரப்பர் படகின் அடியில் கெட்டியான தளத்தை ஒட்டிப் பார்த்துப் பார்த்து உருவாக்கிய வடிவம் இது. காப்புரிமையை பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார் ஹோர். 1972இல் அந்தச் சங்கத்தின் சேவைக்கு வந்த மீட்புப் படகு ‘அட்லாண்டிக் 21’ இரட்டை அவுட்போர்டில்தான் ஓடியது.

முதல் வேலை டிரான்சத்தைத் தட்டிப் பார்ப்பது. விற்றவர் “டிரான்சம் புதுசு மாதிரி” என்று சொல்லியிருந்தார். சின்ன சுத்தியலின் பின்பக்கத்தால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தேன். மேலே கணீரென்று இருந்த சத்தம், டிரைவ் துளையை நெருங்கியதும் மொத்தென்று அடங்கியது. உட்பக்கத்திலிருந்து 6 மி.மீ. டிரில்லால் ஒரு சோதனைத் துளை போட்டோம். வெளிறிய மரத்தூள் வர வேண்டிய இடத்தில், டீ வடிகட்டிய சக்கை போலக் கறுப்பாக, ஈரமாக ஒன்று டிரில்லில் சுற்றிக்கொண்டு வந்தது. வெளியே ஜெல்கோட் என்கிற மேற்பூச்சு பளபளவென்று இருக்கிறது, உள்ளே பிளைவுட் ஊறி மக்கிக் கிடக்கிறது. பழைய படகு வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் மணிக்கணக்கைக் கேட்கும் முன் சுத்தியலை எடுங்கள்.

வெளிப்பக்க ஃபைபர் தோல் நன்றாக இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டு உள்தோலை வெட்டி எடுத்தோம். ‘எடுத்தோம்’ என்றால் நானும், படகு யார்டில் இருந்த ஒரு லேமினேட்டரும், அதாவது ஃபைபர் அடுக்கும் தொழிலாளியும். அவர் நாற்பது வருஷமாக ஃபைபரில் கைவைப்பவர், பேச்சு ரொம்பக் குறைவு. மக்கிய மரத்தை உளியால் பெயர்த்து, வெளித்தோலைக் கிரைண்டரால் தேய்த்துச் சுத்தமான நாருக்குக் கொண்டுவந்தோம். அதற்கு முன்பே குழாய்கள் இரண்டையும் தடித்த போர்வையால் மூடிவிட வேண்டும். ஃபைபர் தூள் ஒட்டினால் ரப்பரைச் சுத்தம் செய்வது பெரும்பாடு, கிரைண்டர் நழுவினால் பாடு இன்னும் பெரிது.

சாவித்துவாரம் போன்ற அந்தப் பெரிய டிரைவ் துளையை அடைப்பதற்குப் பொறுமை வேண்டும். ஓட்டையில் ஒரு பலகையைத் திணித்துப் பூசினால் தாங்காது. துளையின் ஓரத்தை உள்ளிருந்து சரிவாகத் தேய்க்க வேண்டும்: ஃபைபர் 1 மி.மீ. தடிமன் என்றால் சரிவு 12 மி.மீ. நீளம். அந்தச் சரிவின் மேல் சின்னதும் பெரியதுமாக ஃபைபர் துணி அடுக்குகள். பிறகு பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரத்து மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு, நடுவே கெட்டியாகக் கலக்கிய எபாக்ஸிப் பசை, அதன்மேல் மறுபடி துணி. கிளாம்பை வெறிகொண்டு இறுக்கக் கூடாது, பசை முழுதும் பிதுங்கிப் போய்விடும். எபாக்ஸி காய்ந்ததும் மேலே மெழுகு போல ஒரு படலம் வரும். தேய்ப்பதற்கு முன் அதை வெந்நீரால் கழுவிவிட வேண்டும். நான் உப்புத்தாளைக் கையில் எடுத்தபோது லேமினேட்டர் ஒன்றும் சொல்லாமல் வாளியை என் பக்கம் தள்ளினார்.

உயரம் அடுத்த விஷயம். ஸ்டெர்ன்டிரைவ் படகின் டிரான்சம் உயரமாகவே இருக்கும். என் எஞ்சினின் கால் 25 அங்குல வகை, அதாவது 635 மி.மீ. அதற்கேற்ப டிரான்சத்தின் நடுப்பகுதியை வெட்டித் தாழ்த்தினோம். தாழ்த்திய இடத்தில் அலை ஏறி வரும் என்பதால் உள்ளே தண்ணீர் வடியும் தொட்டி ஒன்றும் கட்ட வேண்டியிருந்தது. சாய்வுக் கோணம் ஏற்கெனவே 13 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்ததால் அதில் கைவைக்கவில்லை. ரிப்புக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: குழாயின் முனைகள் டிரான்சத்தைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை முழுதும் தூக்கி, ஸ்டியரிங்கை முழுதும் திருப்பினால் மூடி குழாயில் உரசுமா என்று பார்க்க, எஞ்சின் அளவுக்கு அட்டை வெட்டி வைத்து அளந்தேன். இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

போல்ட் துளைகளைப் பெரும்பாலான பெரிய எஞ்சின்கள் ஒரே அளவில்தான் வைக்கின்றன: மேல் ஜோடிக்கு நடுவே 327 மி.மீ., கீழ் ஜோடிக்கு நடுவே 251 மி.மீ. நேராகத் துளைத்து போல்ட்டைச் செருகிவிட்டால் மரம் மறுபடி ஊறத் தொடங்கும். முதலில் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் நிரப்பி, அது கெட்டியானதும் நடுவில் சரியான அளவுக்குத் துளைக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டுக்கும் மரத்துக்கும் தொடர்பே இருக்காது. இந்த ஒரு வேலையை முதலில் கட்டியவர்கள் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வேலை வந்திருக்காது.

எடைக்கு வருகிறேன். டீசலும் காலும் சேர்த்து அரை டன்னுக்குக் குறையாது. அவுட்போர்டு 220 கிலோ சொச்சம். பாதிக்கு மேல் மிச்சம் என்று சந்தோஷப்படலாம், ஆனால் டீசல் டிரான்சத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது, இது பின்னால் தொங்குகிறது. அப்படியே விட்டால் அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்கும். பழைய டீசல் டாங்க்கைப் பெட்ரோலுக்குப் பயன்படுத்துவதாக இல்லை, எப்படியும் புது டாங்க் வாங்க வேண்டும். அதை ஸ்டியரிங் மேடைக்கு அடியில், முன்னோக்கி வைத்தோம். பேட்டரிகளும் முன்னால் போயின.

பெட்ரோலில் விளையாடக் கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். காற்றோட்டக் குழாய், நெருப்பு தாங்கும் எரிபொருள் குழாய், தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் வடிகட்டி, ஊற்றும் வாயிலிருந்து டாங்க் வரை எர்த் கம்பி, எதையும் விடவில்லை. இங்கே 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும் என்பதால் நான் 5 சதவீத வகையையே ஊற்றுகிறேன். ஹைட்ராலிக் ஸ்டியரிங்கும் கில்கார்டு சுவிட்சும் புதிது. கில்கார்டு என்பது ஓட்டுபவர் தன் காலில் மாட்டிக்கொள்ளும் கயிறு; அவர் விழுந்தால் அது இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். 2013இல் இங்கிலாந்தின் பேட்ஸ்டோ ஊரருகே ஒரு குடும்பமே ரிப்பிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஓட்டுபவர் இல்லாமல் படகு சுற்றிச் சுற்றி வந்து மோதியதில் இருவர் இறந்தார்கள். கில்கார்டு மாட்டப்படவில்லை. என் படகில் அந்தக் கயிறு காலில் இல்லாமல் யாரும் சாவியைத் தொட முடியாது.

ஆற்றுக்குள் வேக வரம்பு 6 நாட் (மணிக்கு 6 கடல்மைல்), அதனால் சோதனை ஓட்டத்துக்கு வெளியே சௌத்தாம்ப்டன் நீர்ப்பரப்புக்குத்தான் போக வேண்டும். எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்றுக்குள் ஓட வேண்டும் என்பது கையேடு. உடன் வந்த 19 அங்குல பிட்ச் புரொப்பல்லரில் 5,100ஐத் தாண்டவில்லை, ஆளேற்றினால் இன்னும் இறங்கியது. பிட்ச், அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 200 சுற்று கூடும். 17 அங்குலம் போட்டதும் 5,500ஐத் தாண்டியது. எஞ்சினை ஒரு துளை, அதாவது 19 மி.மீ., உயர்த்தியதில் ஸ்டியரிங் லேசானது, கூர்மையாகத் திருப்பும்போதும் புரொப்பல்லர் காற்றைக் குடிக்கவில்லை. உச்ச வேகம் 34 நாட். 22 நாட்டில் ஒரு கடல்மைலுக்குச் சுமார் 1.2 லிட்டர் பெட்ரோல், டீசலைவிடக் கூடுதல்தான். சாமான் அதிகமில்லாத நாளில் அணியம் இன்னும் கொஞ்சம் துள்ளுகிறது. நங்கூரச் சங்கிலியை முன்னால் கொட்டிவைத்தால் அடங்குகிறது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதினேன். சர்வேயர் பார்த்துக் கொடுத்த கடிதத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். எஞ்சின் பெட்டி போன இடத்தில் நான்கு பேர் உட்காரும் இருக்கை வந்தது. பழைய டீசலை ஒருவர் விலைக்கு வாங்கிப் போனார், அந்தப் பணம் ஸ்டியரிங்குக்கும் டாங்க்குக்கும் சரியாகப் போயிற்று. ஸ்டெர்ன்டிரைவ் காலை யாரும் கேட்கவில்லை, பழைய அலுமினியத்தோடு போட்டேன்.