தோள் வலி, பூட்டு நெஞ்சில்: தறிக்காரர்களின் எட்டு வாரம்

திருபுவனம் பக்கத்துத் தறிக்காரர்களிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தோளின் மேல்முனையைத் தொட்டுக் காட்டுவார்கள். தைலம் தேய்த்ததும் அங்கேதான். காறை எலும்புக்குக் கீழே, தோள்முனையிலிருந்து மூன்று விரல் உள்ளே தள்ளி அழுத்தினால்தான் முகம் சுளிக்கும்.

அந்த இடத்தில் இருப்பது பெக்டோராலிஸ் மைனர் என்கிற சிறிய மார்புத் தசை. 3, 4, 5-ஆம் விலா எலும்புகளில் கிளம்பி, தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் காக்கை அலகு போல நீண்டிருக்கும் முனையில் ஒட்டுகிறது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் குழித்தறியில் மணிக்கணக்காகக் குனிந்து, ஊடை நூலை நெருக்கும் அச்சை இழுத்து அடித்தால் அது குறுகிய நிலையிலேயே பழகிவிடும். நாள் முழுக்க நாற்று நடுபவர்களுக்கும் இதே பாடு.

கை மேலே ஏறும் 180 டிகிரியில் ஏறத்தாழ 120 தோள் மூட்டில் வருகிறது, 60 தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது. அந்த எலும்பு பின்னால் சாய்ந்து வழிவிட வேண்டும். நெஞ்சுத் தசை முன்னால் கவிழ்த்துப் பிடித்திருந்தால், தோள் மூட்டுக்கு மேலே இருக்கும் எலும்புக் கூரைக்கு அடியில் ஓடும் தசைநார் நசுங்குகிறது. பரணில் இருக்கும் அண்டாவுக்குக் கை நீட்டினால் பாதி வழியில் சுளீர் என்பதும், அதைத் தாண்டியதும் விடுவதும் இதனால்தான்.

முதலில் வேறு நோய் இல்லையென்று பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை இன்னொருவர் வெளிப்பக்கம் திருப்பினாலும் திரும்பவில்லையா? அது தோள் இறுக்க நோயாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும், அதற்கு வைத்தியம் வேறு. மாடி ஏறும்போது தோளோ நெஞ்சோ வலித்து வியர்த்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

பயிற்சி மொத்தம் எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் நெஞ்சுத் தசையைத் தளர்த்துவது மட்டும். தேங்காய்ப்பூ துண்டைச் சுருட்டி முதுகுத்தண்டு நெடுக வைத்து, பாயில் மல்லாந்து 5 நிமிடம். பிறகு வீட்டு நிலைக்கால். முன்கையை அதில் பதித்து, முழங்கையைத் தோள் உயரத்தில் வைத்து, அந்தப் பக்கத்துக் காலை ஓர் அடி முன்னால் எடுத்து வைத்து, உடம்பை எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பவும். 30 விநாடி, 3 முறை, காலையும் மாலையும். இரண்டு கையையும் சேர்த்துச் செய்வதைவிட ஒவ்வொரு கையாகச் செய்தால்தான் சிறிய தசைக்கு நன்றாக எட்டுகிறது.

பலரும் இடுப்பை வளைத்து வயிற்றை முன்னால் தள்ளுவார்கள். நெஞ்சு விரிந்த மாதிரித் தெரியும், தசை நீண்டிருக்காது. தோளைக் காதுக்குத் தூக்கினாலும் பலனில்லை. இழுப்பு நெஞ்சுச் சதையில் தெரிய வேண்டும். மூட்டின் முன்பக்கம் குத்தினால் முழங்கையை நான்கு விரல் கீழே இறக்குங்கள். விரல் மரத்தால் உடனே விட்டுவிட வேண்டும். கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக்குழாயும் இந்தத் தசைக்கு அடியில்தான் போகின்றன. மரப்பு தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கவும்.

மூன்றாம் வாரம் வலி தணிந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். முதுகு வலுவாகாமல் நெஞ்சை மட்டும் தளர்த்தினால், தறியில் ஒரு நாள் உட்கார்ந்ததும் பழையபடி இறுகும். பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையைப் பின்னால் இழுத்து, இரு தோள்பட்டை எலும்புகளையும் நெருக்கி 3 விநாடி நிறுத்தவும். 12 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கூடவே சுவரில் கை ஊன்றித் தண்டால்; கை நீண்ட பிறகும் சுவரை இன்னும் ஒரு அங்குலம் தள்ள வேண்டும். அந்தக் கடைசி அங்குலத்துக்காகத்தான் அந்தத் தண்டாலே. இப்படி எட்டாம் வாரம் வரை.

வலிக்கிற பக்கம் படுக்கக்கூடாது. மறுபக்கம் படுத்தாலும் ஒரு தலையணையைக் கட்டிக்கொள்ளாவிட்டால் கை முன்னால் விழுந்து இரவு முழுக்க இழுக்கும்.

நடவு நாட்களில் நிலைக்காலுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். வரப்போரத் தென்னை போதும், டீ வருவதற்குள் இரண்டு கையும் முடிந்துவிடும்.