மிளகாய்ப் பூ நாட்குறிப்பு

ஏப்ரல் 9
முதல் பூ விரிந்துவிட்டது. கிளை பிரியும் கவட்டில், தலையைக் கீழே தொங்கப்போட்டபடி. விடிந்ததும் பார்த்தபோது ஊதா நிற மகரந்தப்பைகள் மூடியே இருந்தன. வெயில் ஏறியதும் மறுபடி போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் நீளவாக்கில் பிளந்து, விளிம்பெல்லாம் வெளிர்மஞ்சள் தூள்!

ஏப்ரல் 12
லென்ஸ் வைத்து நிறைய பூக்களைப் பார்த்தேன். சிலவற்றில் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் பெண்பாகத்தின் நுனி) மகரந்தப்பைகளின் மட்டத்திலேயே நிற்கிறது, சிலவற்றில் அவற்றைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மிளகாய் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், அது பாதிதான் உண்மை. தக்காளியில் மகரந்தப்பைகள் ஒன்றுசேர்ந்து குழாய் மாதிரி சூல்முடியை மூடிக்கொள்ளும், மிளகாயில் அந்த மறைப்பே கிடையாது, போதாததற்கு பூவின் அடியில் தேனும் சுரக்கிறது, அப்புறம் தேனீ வராமல் இருக்குமா?

ஏப்ரல் 21
பூ கொட்டுகிறது. பகலில் 35 டிகிரிக்கு மேல், இரவிலும் 25-க்குக் கீழே இறங்கவில்லை. நோய் என்று நினைத்து மருந்தடிப்பதில் பயனில்லை. மகரந்தம் மொட்டுக்குள் உருவாகும்போதே சூட்டில் கெட்டுவிடுகிறது, அதனால் இன்று உதிரும் பூவுக்கான பாதிப்பு முந்தைய நாட்களிலேயே நடந்திருக்கும். தழைச்சத்து அதிகம் கொடுத்தாலும் இலைதான் பெருக்கும். நிழல்வலை கட்டியாயிற்று.

மே 8
இரவு குளிர்ந்திருக்கிறது, காய் பிடிக்கிறது. இதழ் வாடினாலும் காம்பு பச்சையாகவே இருந்தால் நம்பலாம். கோணலான ஒரு பிஞ்சை அறுத்துப் பார்த்தேன்: ஒரு பக்கம் விதை நெருக்கமாக, வளைந்த பக்கம் கிட்டத்தட்ட காலி. ஒரு விதைக்கு ஒரு மகரந்தத்தூள் வேண்டும், அந்தப் பக்கத்தில் விதையாக வேண்டிய சூல்களுக்குப் போதுமானது வந்து சேரவில்லை.

மே 10
காரமிளகாய் பக்கத்தில் இருந்தால் குடமிளகாயும் காரமாகிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். இப்போது பிடிக்கும் இந்தக் காய் காரமாகாது. காரம் சுரப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் திசுவில், அது முழுக்கத் தாய்ச்செடியின் உடம்பு. ஆனால் உள்ளே இருக்கும் விதை காரமிளகாயின் மகரந்தத்தால் உருவாகியிருந்தால், அதிலிருந்து முளைக்கும் செடியின் காய் காரமாகத்தான் இருக்கும், ஏனென்றால் காரம் ஓங்கு பண்பு, அதற்கான மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். விதை எடுக்க நினைப்பவர்கள் மொட்டு விரிவதற்கு முன்பே மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். பைக்குள் தேனீ வராது, அதனால் மகரந்தப்பைகள் பிளந்த பிறகு கிளையை லேசாகத் தட்டிவிட வேண்டும். காய் பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நான் இன்று குடமிளகாய் மொட்டுகளுக்குப் பை கட்டிவிட்டேன்.