31-இல் ஒருவர்

அத்தை நாளிதழை மடித்து என் முன் வைத்தார். அமெரிக்காவில் 31 குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம். “தொற்றுநோய் போல் பரவுகிறதே அம்மா!” பக்கத்தில் என் மகன் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. 2000-இல் 150-க்கு ஒருவர் என்றிருந்தது உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கு நாடு முழுவதற்குமானதல்ல. 2022-இல் 16 இடங்களில், எட்டு வயதுப் பிள்ளைகளின் மருத்துவ, பள்ளிப் பதிவேடுகளைப் பார்த்து எடுத்தது. கலிபோர்னியாவின் ஒரு பகுதியில் 19-க்கு ஒருவர். டெக்சாஸின் லரேடோவில் 103-க்கு ஒருவர். ஒரே நாட்டுக்குள் ஐந்து மடங்கு வேறுபாடு! கண்டறிய ஆளும் வசதியும் இருக்கும் ஊரில் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்? ஆட்டிசத்துக்கான வரையறையும் இதற்கிடையில் மாறியிருக்கிறது. செய்தியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் மகனுக்கு இன்னதென்று சொல்ல மூன்று மருத்துவர்களும் நான்கு ஆண்டுகளும் ஆயின. அதுவரை அவன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அத்தையிடம் இதைத்தான் பொறுமையாகச் சொன்னேன்.